பின்காற்றில் கிடைத்த மைலேஜ்: ஹூண்டாய், கியா விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

2012 நவம்பர் 2 அன்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஹூண்டாயும் கியாவும் தங்களுடைய 2012, 2013 மாடல்களில் பெரும்பாலானவற்றின் மைலேஜ் எண்களைக் குறைத்துத் திருத்த வேண்டும். 2011 முதல் 2013 வரையிலான மாடல்களில் அந்த நாட்டில் ஏற்கெனவே விற்றுவிட்ட கார்கள் மட்டும் சுமார் 9 லட்சம். பெரும்பாலான கார்களுக்குக் காலனுக்கு ஒன்றிரண்டு மைல்தான் குறைந்தது. கியா சோல் காரின் ஒரு வகையில் நெடுஞ்சாலை எண் 6 மைல் இறங்கியது. விளம்பரங்களில் எல்லாம் 40 மைல் என்று பெருமையாகச் சொல்லப்பட்ட ஹூண்டாய் எலான்ட்ரா 38க்கு வந்தது.

கணக்குகள் இங்கே அமெரிக்க அளவிலேயே இருக்கும். அவர்களுடைய காலன் 3.785 லிட்டர், மைல் 1.609 கிலோமீட்டர். அதாவது காலனுக்கு 40 மைல் என்றால் லிட்டருக்கு 17 கிலோமீட்டர். 38 என்றால் 16.2.

இதை ஒரு பெரிய நிறுவனம் மாட்டிக்கொண்ட கதையாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். பெரும்பாலான செய்திகள் அப்படித்தான் எழுதின. ஆனால் பெட்ரோல் செலவைக் குறைக்க நினைக்கிறவருக்கு இதில் வேறொரு சங்கதி இருக்கிறது. இன்ஜினை யாரும் தொடவில்லை, மென்பொருளில் எந்தத் தந்திரமும் இல்லை. அந்த ஒன்றிரண்டு மைல் முழுவதும் டயர், காற்று, வெப்பநிலை என்ற மூன்றுக்குள் இருந்து வந்தது. புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் ஸ்டிக்கரில் எண்ணை ஏற்றிக் காட்டிய அதே மூன்றும் சாலையில் ஓடும் எந்தக் காருக்கும் வேலை செய்யும்.

எண் எப்படிப் பிறக்கிறது

அமெரிக்காவில் மைலேஜ் சோதனையைச் செய்வது கார் நிறுவனமே. இபிஏ முடிவுகளைச் சரிபார்க்கும், ஒரு பகுதி கார்களை மட்டும் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பரில் உள்ள தன் ஆய்வகத்துக்கு வரவழைத்துத் தானே ஓட்டிப் பார்க்கும். சோதனை சாலையில் நடப்பதில்லை. டைனமோமீட்டர் என்ற பெரிய உருளைகளின் மேல் காரை ஏற்றிக் கட்டிவிடுவார்கள். ஓட்டுநர் திரையில் தெரியும் வேகக் கோட்டைப் பின்பற்றி ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் மிதிப்பார். சக்கரம் சுழலும், கார் நகராது. புகைக்குழாயில் வெளிவரும் கார்பனை அளந்து எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்கிடுவார்கள்.

இங்கே ஒரு சிக்கல். நிற்கும் காருக்கு எதிர்க்காற்று கிடையாது. உருளையின் மேல் சுழலும் டயர் தார்ச்சாலையில் உருளும் டயரைப் போல நடந்துகொள்வதும் இல்லை. ஆகவே இந்தக் கார் சாலையில் ஓடினால் ஒவ்வொரு வேகத்திலும் அதை எவ்வளவு விசை பின்னுக்கு இழுக்கும் என்பதை முன்கூட்டியே உருளைக்குச் சொல்லிவிட வேண்டும். உருளை அந்த அளவுக்கு எதிர்ப்புக் காட்டும். இதைச் சாலைச் சுமை என்பார்கள். அந்த எண் தவறாகப் போனால் அதன் பிறகு ஆய்வகத்தில் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பயனில்லை.

சாலைச் சுமையைக் கண்டுபிடிக்கும் முறைக்குக் கோஸ்ட்டவுன் என்று பெயர். மிக எளிமையான சோதனை. சமதளமான நேர் தடத்தில் காரை மணிக்கு 115 கிலோமீட்டருக்கு மேல் விரட்டி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு விட்டுவிடுவார்கள். 115இல் இருந்து 15க்கு இறங்கும் வரை வேகம் எப்படிக் குறைகிறது என்று பதிவாகும். சட்டென்று வேகம் குறைந்தால் இழுவிசை அதிகம், நெடுநேரம் உருண்டால் குறைவு. பிறகு காரைத் திருப்பி எதிர்த்திசையில் அதையே செய்வார்கள். ஒரு பக்கம் காற்று தள்ளியிருந்தால் மறுபக்கம் அதே காற்று தடுக்கும், சராசரியில் இரண்டும் அடிபட்டுப் போகும் என்பதற்காக. வெப்பநிலைக்கும் திருத்தம் உண்டு, 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு பொது அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

இந்தச் சோதனையில்தான் பிரச்சினை. எலான்ட்ராவை வாங்கியவர்கள் ஸ்டிக்கரில் சொன்ன மைலேஜ் வரவில்லை என்று புகார் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இபிஏவின் வழக்கமான தணிக்கையிலும் 2012 எலான்ட்ராவின் எண்கள் ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு மற்ற மாடல்களுக்கும் விசாரணை விரிந்தது. நிறுவனங்கள் கொரியாவில் தாங்கள் நடத்திய கோஸ்ட்டவுன் சோதனைகளில் செயல்முறைத் தவறுகள் நேர்ந்துவிட்டதாகச் சொல்லின. அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு இன்னும் கடுமையாக இருந்தது. மைலேஜ் நன்றாக வரும் வெப்பநிலை நேரங்களாகப் பார்த்துச் சோதித்தார்கள், பின்காற்று உதவிய ஓட்டங்களின் தரவை எடுத்துக்கொண்டார்கள், டயர்களை அதற்கென்று பதப்படுத்தினார்கள், நிறைய ஓட்டங்களின் சராசரியை எடுப்பதற்குப் பதிலாகச் சாதகமானவற்றைப் பொறுக்கினார்கள் என்பது அது.

2014 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே இரு நிறுவனங்களும் 10 கோடி டாலர் அபராதம் கட்டின. 12 லட்சம் கார்கள் இந்த வழக்கில் அடக்கம். பசுங்குடில் வாயுக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த 47.5 லட்சம் கிரெடிட்டுகளையும் (வரம்பைவிடக் குறைவாக வாயு வெளியிட்டால் கிடைக்கும் வரவுப் புள்ளிகள்) இழந்தன, அதன் மதிப்பு 20 கோடி டாலருக்கு மேல் என்று இபிஏ கணித்தது. கார் வாங்கியவர்களுக்கு, அவர்கள் ஓட்டிய தூரத்தையும் அவர்கள் பகுதியின் பெட்ரோல் விலையையும் வைத்துக் கணக்கிட்டு, தொந்தரவுக்காக மேலும் 15 சதவீதம் சேர்த்து, டெபிட் கார்டில் பணம் கொடுத்தார்கள்.

ஒரு மைல் என்பது எவ்வளவு

எலான்ட்ராவின் கலப்பு எண், அதாவது நகரமும் நெடுஞ்சாலையும் சேர்ந்தது, 33இல் இருந்து 32 ஆனது. வருடத்துக்கு 15,000 மைல் ஓட்டுகிறவருக்கு 33இல் 454.5 காலன் தேவை, 32இல் 468.75. வித்தியாசம் 14 காலனைச் சற்றே தாண்டும், சுமார் 54 லிட்டர். ஒரு சிறிய காரின் டாங்கை ஒரு முறை நிரப்பி இன்னும் கொஞ்சம். பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். ஆனால் அதே ஒரு மைல், காலனுக்கு 15 மைல் மட்டும் ஓடும் கனமான வண்டியில் 14 ஆகக் குறைந்தால், வருடத்துக்கு 71 காலன் கூடுதலாகப் போகும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற ஆய்வாளர்கள் 2008இல் சயன்ஸ் இதழில் இதைத்தான் காட்டினார்கள். 10,000 மைல் ஓட்டத்தில் 10 மைல் தரும் வண்டியை விட்டு 20 தரும் வண்டிக்கு மாறினால் 500 காலன் மிச்சம். 25இல் இருந்து 50க்குத் தாவினால் 200 காலன்தான் மிச்சம். கேட்கும்போது இரண்டாவதுதான் பெரிய பாய்ச்சலாகத் தெரியும். அமெரிக்க ஸ்டிக்கரில் 2013 மாடல்களில் இருந்து 100 மைலுக்கு எத்தனை காலன் என்ற எண்ணும் சேர்ந்தது நல்ல மாற்றம். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் அதிகம் குடிக்கும் வண்டியின் மேல் முதலில் கை வைக்க வேண்டும். ஏற்கெனவே சிக்கனமாக ஓடும் காரில் இன்னொரு மைலைப் பிழிந்தெடுக்க நேரம் செலவழிப்பது பணக் கணக்கில் வீண்வேலை.

காற்று

பின்காற்று எண்ணை ஏற்றியது என்றால் காற்றுக்கு எவ்வளவு பலம் என்று பார்க்கலாம். காற்றின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 60 மைலில் இருந்து 70க்குப் போனால் காற்று 36 சதவீதம் கூடுதலாக இழுக்கும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 74 கார்களின் தரவைப் பார்த்தபோது, 60இல் இருந்து 70க்கு ஏறினால் மைலேஜ் சராசரியாக 14 சதவீதம் விழுவதைக் கண்டது. 70இல் இருந்து 80க்கு ஏறினால் இன்னுமொரு 15 சதவீதம்.

எலான்ட்ரா விவகாரத்தில் 40க்கும் 38க்கும் இடையே இருந்த இடைவெளி 5 சதவீதம். அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கை ஒரு ஓட்டுநர் வேகத்தை 10 மைல் கூட்டியே இழந்துவிடலாம். இன்னொன்று, ஸ்டிக்கரின் நெடுஞ்சாலை எண்ணுக்கு அடிப்படையாக இருக்கும் பழைய சோதனையில் உச்ச வேகமே 60 மைல், சராசரி 48. 2008 மாடல்களில் இருந்து வேகமாக ஓட்டுவது, ஏசி, குளிர் ஆகியவற்றுக்கான சோதனைகளும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்தன. ஆனாலும் 75இல் பறந்துகொண்டே ஸ்டிக்கர் எண்ணை எதிர்பார்க்கிறவருக்கு ஏமாற்றம்தான்.

உருவமும் வேகத்துக்குச் சளைத்ததல்ல. இதற்குச் சான்று ஃபோர்டு நிறுவனத்தின் சி-மேக்ஸ் ஹைபிரிட். 2013 மாடலுக்குக் காலனுக்கு 47 மைல் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்தக் காரைச் சோதிக்கவே இல்லை! ஃபியூஷன் ஹைபிரிட் என்ற செடானைச் சோதித்து அதன் எண்ணையே இதற்கும் போட்டுக்கொண்டார்கள். ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ், ஒரே எடை வகுப்பு என்றால் அப்படிச் செய்ய அன்றைய விதி அனுமதித்தது, சட்டப்படி தவறில்லை. ஆனால் சி-மேக்ஸ் உயரமான, பின்பக்கம் தட்டையான வண்டி. 2013 ஆகஸ்டில் தனியாகச் சோதித்துக் கலப்பு எண்ணை 43 என்று திருத்தினார்கள். மறு வருடம், சாலைச் சுமைக் கணக்கிலேயே இன்னொரு பிழை தெரியவந்து 40க்கு இறக்கினார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகவே இருந்தும், முதல் திருத்தத்தில் போன அந்த 4 மைலில் பெரும்பங்கு உடலின் வடிவத்துக்குச் சொந்தம்.

கூரையின் மேல் சாமான் பெட்டியை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் தன் செடானைத் தானே சி-மேக்ஸ் ஆக்கிக்கொள்கிறார், அதைவிட மோசமாகவும் ஆகலாம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி கூரைப் பெட்டி நகர ஓட்டத்தில் 2 முதல் 8 சதவீதமும், வேகமான நெடுஞ்சாலையில் 10 முதல் 25 சதவீதமும் தின்றுவிடும். பயணம் முடிந்ததும் கழற்றிவிடுவதுதான் வைத்தியம். சாமானைப் பின்டிக்கியில் அடைக்க முடிந்தால் அடைத்துவிடுங்கள். கூடுதல் 45 கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் போகும், காற்று எடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

டயர்

டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் மீளும்போது திரும்புவதில்லை, ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும். சோதனைக்காக டயரைப் பதப்படுத்துவதன் நோக்கம் இந்த இழப்பைக் குறைப்பதே. வீட்டில் நாம் செய்யக்கூடியது அழுத்தத்தைச் சரியாக வைப்பது.

டயர் எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே, அப்படியானால் காற்று சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் இறங்கிய பிறகு எரிந்தால் போதும். ஓக் ரிட்ஜ் சோதனையில் அந்த அளவுக்கு இறங்கிய டயர்கள் மைலேஜில் 2 முதல் 3 சதவீதத்தைக் குறைத்தன. அதாவது விளக்கு எரிவதற்குள் எலான்ட்ராவின் ஸ்டிக்கர் பிழையில் ஏறக்குறைய பாதி உங்கள் டயரிலேயே போயிருக்கும். ஆகவே அளவியை வைத்து மாதம் ஒரு முறை, டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சரியான எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அதுவரை நிரப்பக் கூடாது, பிரேக் பிடிக்கும்போது தரையோடு உள்ள பிடிப்பு குறையும்.

புது டயர் வாங்கும்போது உருளும் எதிர்ப்பு குறைந்த வகையைக் கேட்டு வாங்கலாம். அந்த எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிச்சம். இன்னொரு விஷயம், தேய்ந்த டயரை மாற்றிப் புதியது போட்டதும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பட்டன் ஆழமாக இருக்கும் புது ரப்பர் அதிகம் நசுங்குவதால் அப்படி. மெக்கானிக்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

வெப்பம்

வெப்பநிலை பார்த்துச் சோதித்தால் ஏன் லாபம்? சூடான காற்று லேசானது. 0 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. கியர்பாக்ஸ் எண்ணெய் இளகியிருக்கும், டயர் ரப்பரும் நெகிழ்ந்திருக்கும். வெளி வெப்பநிலையை நாம் மாற்ற முடியாது. ஆனால் இன்ஜின் சூடாக இருக்கும் நேரத்தை மாற்றலாம்.

குளிர்ந்த இன்ஜின் கெட்டியான எண்ணெயோடு மல்லுக்கட்டும், பெட்ரோலையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். எரிசக்தித் துறை சொல்வது இது: நகர ஓட்டத்தில் 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ், வெளியில் மைனஸ் 7 டிகிரி என்றால் சுமார் 15 சதவீதம் குறையும். மூன்று நான்கு மைல் தூரம் மட்டும் போய் நிறுத்தினால் 24 சதவீதம் வரைகூடக் குறையலாம். தனித்தனியாக மூன்று முறை வண்டியை எடுப்பதற்குப் பதில் மூன்று வேலைகளையும் ஒரே சுற்றில் முடித்தால், இரண்டாவது மூன்றாவது நிறுத்தங்களுக்குச் சூடான இன்ஜினோடு போகலாம். காலையில் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவது உதவாது. அந்த நேரம் முழுவதும் மைலேஜ் பூஜ்யம். இன்றைய கார்களுக்கு அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டினால் சீக்கிரமே சூடேறிவிடும்.

சோதனையில் இல்லாத ஒன்று: வலது கால்

கோஸ்ட்டவுனில் பிரேக் கிடையாது. சாலையில் உண்டு, அங்கேதான் பெரிய தொகை போகிறது. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும், பெட்ரோல் கொடுத்து வாங்கிய வேகம் தட்டுகளில் சூடாகிக் கரைகிறது. ஹைபிரிட் கார்கள் மட்டும் அதில் ஒரு பகுதியை மீட்டெடுக்கும். விருட்டென்று கிளப்பி விருட்டென்று நிறுத்தும் ஓட்டம் நெரிசலில் மைலேஜை 10 முதல் 40 சதவீதம் வரை இறக்கும் என்கிறது எரிசக்தித் துறை. டயரையும் கூரைப் பெட்டியையும் சேர்த்தாலும் எட்டாத எண் இது. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவதுதான் செலவில்லாத முதல் வைத்தியம்.

காலை எடுங்கள், கியரை எடுக்காதீர்கள். கோஸ்ட்டவுன் சோதனையில் நியூட்ரலில் உருள விடுகிறார்கள் என்பதால் நாமும் இறக்கத்தில் நியூட்ரலில் விடலாம் என்று தோன்றும். கார்புரேட்டர் காலத்தில் அதற்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. எரிபொருளை ஊசி முனை வழியாகத் தெளிக்கும் இன்றைய இன்ஜினில், கியர் பூட்டியபடி காலை எடுத்தால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும், கணினி பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் கைவிட்டுப் போகும், அது ஆபத்து.

கையைக் கடிக்கும் வைத்தியங்கள்

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது இன்னும் எல்லோரும் சொல்லும் அறிவுரை. 2009இல் ஓக் ரிட்ஜ் இதைச் சோதித்தது. புதிய பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பக் கணினி பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. வேகம் பிடிப்பதில்தான் மந்தம் தெரிந்தது. இன்ஜினின் ஆயுளுக்காக மாற்றுங்கள், மைலேஜுக்காக வேண்டாம். பெட்ரோலில் கலக்கும் மாத்திரை, குழாயில் மாட்டும் காந்தம் போன்றவற்றுக்கு ஒரு வரி போதும்: இப்படிப்பட்ட சாதனங்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை இபிஏ சோதித்துப் பார்த்தது, உருப்படியாகப் பயன் தந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. இன்ஜின் எச்சரிக்கை விளக்கை மாதக்கணக்கில் அலட்சியம் செய்வது. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டால், கணினி கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். மோசமான நிலையில் மைலேஜ் 40 சதவீதம் வரை உயர வழி அதைச் சரிசெய்வதில் இருக்கிறது. பிரேக் பேட் விலகாமல் சக்கரத்தை உரசிக்கொண்டே இருப்பதும் இதே ரகம். சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் தகிக்கும். தொட வேண்டாம், அனல் படுவதே போதும்.

சொந்தக் கணக்கில் பொறுக்கி எடுப்பது

ஹூண்டாய், கியா மேல் வைத்த குற்றச்சாட்டில் என் கண்ணில் பட்ட முக்கியமான வரி, சராசரிக்குப் பதிலாகச் சாதகமான ஓட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. கார் வைத்திருக்கிற பலரும் அதையே செய்கிறோம். நெடுஞ்சாலையில் ஒரு நாள் கிடைத்த நல்ல எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, என் வண்டி இவ்வளவு கொடுக்கும் என்கிறோம். புது டயர் போட்ட வாரம் வெயிலும் சேர்ந்து அடித்திருந்தால் பெருமை முழுவதும் டயருக்குப் போய்விடுகிறது.

டாங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுமுறை நிரப்பும்போது போட்ட அளவால் ஓடிய தூரத்தை வகுக்கும் பழைய முறையே நம்பகமானது. டாஷ்போர்டில் தெரியும் எண்ணை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு டாங்க் போதாது. பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், அந்தப் பிழை பல டாங்குகளைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் கரையும். கோஸ்ட்டவுனில் இரு திசையிலும் ஓட்டுவது போல, போன வழியிலேயே திரும்பி வந்த தூரத்தைச் சேர்த்து எடுத்தால் ஏற்ற இறக்கமும் காற்றும் அடிபடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வேகத்தைக் குறைப்பதும் டயர் அழுத்தத்தைச் சரிசெய்வதும் ஒரே வாரத்தில் நடந்தால் எது எவ்வளவு கொடுத்தது என்று பிரிக்க வழியில்லை. குளிர்கால எண்ணைக் கோடைக்கால எண்ணோடு ஒப்பிடாமல், போன குளிர்காலத்தோடு ஒப்பிடுங்கள்.

இபிஏவும் ஏறக்குறைய இதையே நிறுவனங்களிடம் கேட்டது. சாலைச் சுமையை எப்படி அளக்க வேண்டும், எந்தக் காரைச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும், டயர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று 2015 பிப்ரவரியில் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதற்குள் எலான்ட்ராவின் 38 வழக்கமாகிவிட்டிருந்தது.